காற்றில் கையை ஆட்டினால் இதயத்துக்குப் போதுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 57. என் அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கு ஆறு வருடமாக பிரஷர். மெட்டோப்ரலால் சாப்பிடுகிறேன். கொலஸ்ட்ராலுக்கும் ஒரு மாத்திரை உண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. உடற்பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் ஜிம்மில் சேர்ந்தேன். நாலாவது நாள் டிரெட்மில்லில் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. பயந்து இறங்கியவள், அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது மூன்று வாரமாக வீடியோ பார்த்து தாய்ச்சி (மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சி) செய்கிறேன். முடித்ததும் பிரஷர் பார்த்தால் 126/78 காட்டுகிறது. முன்பெல்லாம் 140-க்குக் கீழே வந்ததே இல்லை. என் மகனோ, "இதெல்லாம் ஒரு எக்சர்சைஸா? காற்றில் கையை ஆட்டுவது" என்று சிரிக்கிறான். அவன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்திலும் துடிப்பு 90-ஐத் தாண்டுவதில்லை. இது போதுமா? மாத்திரையைக் குறைக்கலாமா? பிராணாயாமமும் சேர்த்துக்கொள்ளலாமா? வலது முழங்கால் லேசாக வலிக்கிறது. யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அறையைத் தாழிட்டுக்கொண்டுதான் செய்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் ஒரு திருத்தம். கடிதத்தில் என்னை டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதய மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பைபாஸ் முடிந்து வருகிறவர்களை மறுபடி நடக்க வைப்பது என் வேலை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் கையில் இருக்கிறது. அதனால் மாத்திரைக் கேள்விக்கு என் பதில் சின்னது: தொடாதீர்கள். அதிலும் மெட்டோப்ரலாலை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். சிலருக்கு நெஞ்சு வலியே வந்துவிடும்.

உங்களை இந்தக் கேள்வி கேட்க வைத்தது அந்த 126/78. பயிற்சி முடித்த கையோடு பார்த்த அளவு அது. தசைகள் வேலை செய்யும்போது அவற்றுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் விரியும். பயிற்சியை நிறுத்தியதும் உடனே சுருங்கிவிடாது, கொஞ்ச நேரம் தளர்ந்தபடியே இருக்கும். அதனால் அடுத்த சில மணி நேரத்துக்கு பிரஷர் இறங்கித்தான் இருக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் நிரந்தர அளவு அது இல்லை. காலையில் மாத்திரைக்கும் பயிற்சிக்கும் முன்னால், நாற்காலியில் முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மாதக் குறிப்பேட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைக்க இடம் இருந்தால் அந்த நோட்டே சொல்லிவிடும்.

அடுத்து டிரெட்மில் கதை. என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்த வரி அதுதான். பழக்கமில்லாத உடம்பு வேகமாக நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது இயல்பு. இறங்கி நின்ற சில நிமிடத்தில் அடங்கியிருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதோடு நடுநெஞ்சில் இறுக்கமோ பாரமோ இருந்ததா? தாடை, கழுத்து, இடது கை, முதுகு என்று எங்காவது வலி பரவியதா? தலை கிறுகிறுத்ததா? மாடி ஏறினால் வந்து, நின்றால் போகிற மூச்சிரைப்பு உண்டா? பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதயக் கோளாறு எப்போதும் நெஞ்சு வலியாக வருவதில்லை. வழக்கத்தில் இல்லாத அசதியாக, குமட்டலாக, காரணமில்லாத வியர்வையாகக்கூட வரும். இதில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எதற்குமே 'ஆமாம்' இல்லை என்றாலும் நடந்ததை அவரிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அப்பா 52 வயதில் போனவர். அப்பா, சகோதரன் மாதிரி நெருங்கிய ஆண் இரத்த உறவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனியான ஓர் ஆபத்துக் கணக்காகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இ.சி.ஜி. போதுமா, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

சரி, இப்போது உங்கள் மகனுக்கு வருவோம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவருக்கு வாயால் விளக்க வேண்டாம், நிற்க வைத்துக் காட்டுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு. முழங்கால் நாலு விரல் அளவு மடங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். முதுகு நேர். இப்போது உடம்பின் கனம் மொத்தத்தையும் வலது காலுக்கு மாற்றச் சொல்லுங்கள், மெதுவாக, ஐந்து எண்ணும் வரை. இடது பாதத்துக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்தாலும் கால் அசையாத அளவுக்கு அது காலியாக வேண்டும். அந்தக் காலிக் காலை முன்னால் வைத்து, முதலில் குதிகால், பிறகு பாதம், பிறகுதான் கனம். இப்படிப் பத்து அடி போகட்டும். நடுவில் தலை மேலும் கீழும் ஆடக் கூடாது. பத்தாவது அடியில் தொடை நடுங்கும். இளவட்டங்களுக்குத்தான் அதிகம் நடுங்கும், அவசரத்தில் வேகத்தை வைத்தே சமாளித்துப் பழகியவர்கள் அவர்கள். தாய்ச்சியில் கை செய்வது பார்வைக்கு. வேலை செய்வது தொடையும் இடுப்பும், உடம்பின் பெரிய தசைகள். அவை கேட்கிற இரத்தத்தை இதயம் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு வேலை என்று கேட்டால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நிதானமான நடைக்குப் பக்கத்தில் வைக்கலாம். லேசான பயிற்சிக்கும் மிதமான பயிற்சிக்கும் நடுவில்.

ஆராய்ச்சிகள் சொல்வதையும் பார்த்துவிடலாம். உங்களுக்கு ஆறுதல் தருபவையும் இருக்கின்றன, மகனுக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. 2024-ல் வெளியான ஒரு சீன ஆய்வில் 342 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தாய்ச்சி. மறு பாதிக்கு வேகநடை, சைக்கிள் மாதிரியான ஏரோபிக் பயிற்சி. வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம், ஒரு வருடம். முடிவில் மேல் அளவு பிரஷர் தாய்ச்சிக் குழுவில் சராசரியாக 7 புள்ளி இறங்கியது, மற்றக் குழுவில் நாலரைக்குச் சற்று மேல். இதைப் படித்துவிட்டு மகனிடம் ஓடாதீர்கள். அவர்கள் உயர் அழுத்தத்தின் வாசலில் நின்றவர்கள், நீங்கள் உள்ளே வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர்கள் செய்ததும் வாரம் நாலு மணி நேரம், ஒரு வருடம் விடாமல்.

எனக்கு அதைவிடப் பிடித்த ஆய்வு ரொம்பச் சின்னது. அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்தது, 2017-ல் வெளியானது. மொத்தமே 29 பேர். எல்லோரும் இதய நோயாளிகள், மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று மறுத்தவர்கள். என் தொழிலில் தினமும் பார்க்கிற ஆட்கள். அவர்களுக்குத் தாய்ச்சி கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஆபத்து எதுவும் வரவில்லை, ஆரம்பத்தில் கொஞ்சம் தசைவலி மட்டும். வாரம் மூன்று முறை வந்த குழு நாளடைவில் மற்ற நேரத்திலும் கூடுதலாக நடமாடத் தொடங்கியது. ஆனால் ஏரோபிக் திறன், அதாவது மூச்சும் இதயமும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்கிற அளவு, கூடவில்லை. 2011-ல் வந்த இன்னொரு ஆய்வும் இதே கதைதான். இதயம் பலவீனமான 100 பேர், 12 வாரம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதில் வித்தியாசம் இல்லை. வாழ்க்கைத் தரம் மட்டும் தெளிவாகக் கூடியிருந்தது.

யோகாவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், புதிதாக மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து நடத்திய யோகா ஆய்வு 2020-ல் வெளிவந்தது. யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சியால் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் உடல்நிலை தேறிய உணர்வும், பழைய வேலைகளுக்குத் திரும்பிய வேகமும் நன்றாக இருந்தன. 'ஆசனம் செய்தால் அடைப்பு கரையும்' என்று யாராவது சொன்னால் அவர் பெரும்பாலும் 1990-ல் வெளியான, அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் ஆய்வை மனதில் வைத்துத்தான் சொல்வார். அதில் கொழுப்பே இல்லை என்னும்படியான சைவ உணவு, புகை நிறுத்தம், நடை, தியானம் எல்லாம் ஒரே பொட்டலமாக இருந்தன. அந்தப் பொட்டலத்திலிருந்து யோகாவை மட்டும் உருவி விற்பது நியாயமில்லை.

ஆகவே 'போதுமா' என்ற கேள்விக்கு: தனியாகப் போதாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான ஏரோபிக் பயிற்சி, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்கு வரையறுத்திருக்கிறது. அந்த 150-க்கு நடைதான் வேண்டும். ஆனால் உங்களை நடைக்குக் கொண்டுவந்து சேர்க்கப் போவது இந்தத் தாய்ச்சிதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வகுப்புக்கு ஒருவர் வருவார். ஸ்டென்ட் வைத்து நாலு மாதம். எந்த அசைவைச் செய்தாலும் இரண்டு விரல் கழுத்தில் இருக்கும், நாடி பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கப் பார்க்க துடிப்பு கூடும், கூடக் கூட முகம் வெளிறும், உட்கார்ந்துவிடுவார். இதயத்தில் பிரச்சினை இல்லை, எல்லா டெஸ்டும் சரி. துடிப்பு கூடினால் பயம், பயம் வந்தால் அட்ரினலின் என்கிற ஹார்மோன், அட்ரினலினால் இன்னும் துடிப்பு. அவரை டிரெட்மில்லில் ஏற்றியிருந்தால் உங்களைப் போல நாலாம் நாள் காணாமல் போயிருப்பார். தாய்ச்சியில் ஒரு வசதி, இரண்டு கையும் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருக்கும், கழுத்துக்கு வராது. பாதம் எங்கே, கனம் எந்தக் காலில், மூச்சு உள்ளேயா வெளியேயா என்று மனசுக்கு வேறு வேலை. மூன்றாவது வாரம் அவர் கைகளை இறக்கி முடித்ததும், "இன்னைக்கு நாடி பார்க்க மறந்துட்டேன்" என்றார். அப்புறம்தான் அவரை நடக்க அனுப்பினேன். உங்களுக்கும் டிரெட்மில்லில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் பட்சத்தில்.

இந்த மூன்று வாரத்தை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு மாதம் தினமும் 15 நிமிடம் தாய்ச்சி, அது முடிந்ததும் சமதரையில் பத்து நிமிட நடை. உடம்பு ஏற்கெனவே சூடாகி, மூச்சு ஓர் ஒழுங்குக்கு வந்திருப்பதால் நடை பயமுறுத்தாது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடமாக நடையைக் கூட்டுங்கள். அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று வந்துவிட்டால் 150 ஆகிவிட்டது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்தே முடியுங்கள். சடாரென்று நின்றால் கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றும்.

வீடியோவில் இருப்பது அநேகமாக, தாய்ச்சி வகைகளில் ஒன்றான யாங் பாணியின் 24 அசைவுத் தொகுப்பாக இருக்கும். 1956-ல் சீனாவில் பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்தது, முழுசாகச் செய்ய ஐந்தாறு நிமிடம்தான். இருபத்து நாலும் வராவிட்டால் குடி முழுகிப் போகாது. முதல் ஆறு அசைவைச் சுத்தமாகச் செய்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். முடிந்தால் நாலைந்து வகுப்புக்காவது நேரில் ஓர் ஆசிரியரிடம் போங்கள். சேர்க்கும்போது உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத ஆசிரியர் வேண்டாம்.

முழங்கால் வலிக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. வீடியோவில் ஆடுகிறவர் தொடை தரைக்கு இணையாகும் வரை இறங்குவார், பார்க்க அழகு. நீங்கள் அவ்வளவு இறங்க வேண்டாம். முழங்கால் எப்போதும் பாதத்தின் கட்டைவிரல் பக்கம் சாயாமல், பாதம் காட்டும் திசையையே பார்க்கட்டும். விரல் நுனியைத் தாண்டி முன்னால் போக வேண்டாம். திரும்பும்போது கனம் இருக்கிற காலை முறுக்காதீர்கள், முதலில் கனத்தை எடுத்துவிட்டுப் பாதத்தைத் திருப்புங்கள். வெறுமனே ஆடுகிறவர்களுக்கு முழங்கால் போவது பெரும்பாலும் இந்த ஒரு தவறால். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் காட்டிவிடுங்கள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாம். 220-லிருந்து வயதைக் கழித்து, 163 என்று உங்கள் மகன் கணக்குப் போட்டிருப்பார். மெட்டோப்ரலாலின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துக்கொள்வது. அதைச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 90 காட்டுவதால் இதயம் சோம்பேறியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, எண்ணைப் பார்த்து வேகத்தைக் கூட்டினால்தான் வம்பு. வாய்தான் நல்ல கருவி. நடக்கும்போது தடையில்லாமல் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

பிராணாயாமம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் நேரெதிரான இரண்டு வகைகள் இருக்கின்றன. மெதுவான மூச்சு உங்களுக்கு நல்லது. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். இந்த வேகத்தில் மூச்சுவிடும்போது, அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்கிற கழுத்து நரம்புகளின் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. வெளிமூச்சில் துடிப்பு தணிவதை நீங்களே உணரலாம். இழுத்துப் பிடித்து ஆழமாக விடாதீர்கள், விரல் நுனி மரத்து தலை லேசானால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமாக அடிக்கிற மூச்சும், கும்பகம் என்று மூச்சை அடக்குவதும் இப்போது வேண்டாம். ஆசனங்களிலும் இதே கவனம். தசையை இறுக்கி அசையாமல் நிற்கும்போது அழுத்தம் ஏறும், அதோடு மூச்சையும் பிடித்தால் இன்னும் ஏறி, விட்டதும் சடாரென்று விழும். நிலையைப் பிடிக்கும்போது மெல்ல எண்ணிக்கொண்டே இருங்கள். வாய் எண்ணினால் மூச்சு அடைபடாது. சிரசாசனம், சர்வாங்காசனம், சூடேற்றிய அறையில் நடக்கும் யோகா எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சவாசனத்திலிருந்து ஒரேயடியாக எழுந்திருக்காதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, பத்து மூச்சு விட்டு, அப்புறம் நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

காலையில் பிரஷர் மேல் அளவு 180-க்கு மேலோ, கீழ் அளவு 110-க்கு மேலோ இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் நாளிலும் ஓய்வுதான். பயிற்சியின் நடுவில் நெஞ்சில் இறுக்கம் வந்தால் அப்படியே உட்காருங்கள். உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே ஆம்புலன்ஸ். அந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கிறேன் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. படித்தவர்களே அப்படிக் காத்திருந்து தாமதமாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்த அறைக் கதவு. யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்கிற கூச்சம் புரிகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் அது தானாகப் போய்விடும். அதுவரை சாத்திக்கொள்ளுங்கள். ஆனால் தாழ்ப்பாள் போடாதீர்கள். 'இப்போது பயிற்சி, இருபது நிமிடம்' என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளித் திறக்க முடிய வேண்டும்.